மாக்பாவின் அம்மா ஏறிய விமானம்

எல்லாமே விமானத்தில் வந்து இறங்குகிற வடகோடிப் பனி ஊர் மித்திமாத்தலிக்கில் கடையில் பால் தீர்ந்துபோனால் திட்டு மாக்பாவுக்குத்தான் விழும். ஆப்பிள் வராவிட்டாலும், பிள்ளைகளின் ஹாக்கிப் போட்டி தள்ளிப்போனாலும், கல்யாணத்துக்கு வரவேண்டிய பாதிரியார் பாதி வழியில் திரும்பிவிட்டாலும் பழி அவன் தலையில்தான். அவன் விமானத்துக்குச் சொந்தக்காரனும் அல்ல, ஓட்டுகிறவனும் அல்ல. ஓடுபாதை ஓரத்துச் சின்ன அறையில் உட்கார்ந்து, மேகம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்த்து விமானிகளுக்கு ரேடியோவில் சொல்கிறவன். ஆனால் வானத்தைத் திட்டி என்ன பிரயோசனம்? அது திரும்பியா பார்க்கப்போகிறது? மாக்பா கடையிலேயே கிடைப்பான்.

"என்ன மாக்பா, இன்னைக்காவது விமானத்தை விடுவியா?"

"நான் என்ன அதைக் கயிறு கட்டியா புடிச்சு வச்சிருக்கேன்?"

"உன் வாய்தானே கயிறு! நேத்து ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லியிருந்தா என் பேத்திக்கு டயப்பர் வந்திருக்கும்."

அவன் சிரித்துக்கொண்டு போய்விடுவான். அந்த வேலைக்கு வந்தபோது அவனுக்கு மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் வானத்தைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அதை ஒரு பெருமையாகவும் அவன் நினைத்ததில்லை. எண்ணெய்த் தொட்டி தெரிந்தால் தெரிகிறது என்பான், தேவாலயத்துச் சிலுவை தெரியாவிட்டால் தெரியவில்லை என்பான். கல்லறை மேடு, படகுத்துறை, எதிர்க்கரைத் தீவின் பனிமலை என்று ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் என்பது அவனுக்கு அத்துப்படி. வீட்டிலும் இதே புத்திதான். மனைவி ரோடா சமையலறையில் எதையாவது கருக்கிவிட்டால், "பார்வைத்தூரம் அடுப்பு வரைக்கும்தான்" என்பான். அதற்கு அவள் கரண்டியைக் காட்டுவாள்.

இக்பியார்ஜுக் மேற்கே இருக்கிற அடுத்த ஊர். நடுவில் வேறு ஊரே கிடையாது, மலையும் கடற்கழியும்தான். நேராகப் பறந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்த வருஷங்களில் நேராகப் பறக்கிற விமானம் இல்லை. இரண்டு ஊரின் விமானமும் தெற்கே, வெகு தூரம் தெற்கே, இக்கலுவிட்டுக்குத்தான் போகும். அங்கே இறங்கி, ராத்தங்கி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். நேர்வழியைப்போலப் பத்து மடங்கு வானம். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற கதைதான். டிக்கெட் விலையைக் கேட்டவர்கள் அடுத்த கேள்வி கேட்பதில்லை. கடல் உறைந்ததும் பனிவண்டியில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு மலைக்கணவாய் வழியாகப் போவார்கள். கடல் உறையாத மாதங்களில் தொலைபேசியில் சொந்தம் கொண்டாடுவதோடு சரி.

மாக்பாவுக்கு இக்கலுவிட் என்றாலே ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் அவன் அம்மா கூனூவை நெஞ்சுச் சளிக்காக அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். தம்பி லேவி துணைக்குப் போயிருந்தான். கொஞ்சம் தேறிவிட்டாள் என்று தெரிந்ததும் லேவி திரும்பிவிட்டான். அவன் வந்து சேர்ந்த மறுநாளே, அம்மாவுக்கு மூச்சுத் திணறுகிறது, உடனே புறப்பட்டு வாருங்கள் என்று அழைப்பு வந்தது. அன்றைக்குத்தான் பனிப்புயல் பிடித்தது. விமானம் அங்கே தயாராக நின்றது. மணிக்கொரு தரம் மித்திமாத்தலிக் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். மணிக்கொரு தரம் மாக்பா பதில் சொன்னான். ஓடுபாதை விளக்கு தெரியவில்லை. இன்னும் தெரியவில்லை. அம்மாவிடம் தன்னைக் கொண்டுபோகவேண்டிய விமானத்தை வராதே வராதே என்று தன் வாயாலேயே சொல்லிக்கொண்டிருந்தான். புயல் அடங்கிய அன்று கூனூவின் உடல்தான் வந்து இறங்கியது.

அவள் கடைசி மூச்சு விட்டபோது பக்கத்தில் இருந்தவள் டபிதா. இக்பியார்ஜுக் ஊர்ப் பெண், சின்னப் பெண். தன் அப்பாவின் வைத்தியத்துக்குத் துணையாக வந்து, நோயாளிகள் தங்கும் விடுதியில் கூனூவின் அறையிலேயே இருந்தவள். கூனூவுக்குத் தலை வாரிவிட்டாள், மீனைப் பொடியாக நறுக்கி ஊட்டினாள், கடைசியில் ஆஸ்பத்திரிக்கும் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாக்பா அவளைக் கண்ணால் பார்த்ததில்லை. நன்றி சொல்லத் தொலைபேசியை எடுத்தவன், பேச்சு வராமல், "அங்க காத்து எப்படி இருக்கு?" என்று கேட்டான். "அமைதியா இருக்கு மாமா" என்றாள் அவள். அதன் பிறகு மாதம் ஒரு தரமாவது பேசிக்கொள்வார்கள்.

இந்த வருஷம் வசந்தத்தில் ஒரு நாள் அவளே கூப்பிட்டாள்.

"மாமா, நான் முழுகாம இருக்கேன். இன்னொரு சங்கதி. உங்கம்மா என் கனவுல வந்து தண்ணி கேட்டாங்க."

மாக்பா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். இறந்தவர்கள் பிள்ளைத்தாய்ச்சியின் கனவில் வந்து தண்ணீர் கேட்டால், பெயரோடு திரும்பி வர ஆசைப்படுகிறார்கள் என்று இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"குடுத்தியாம்மா?"

"ரெண்டு டம்ளர் குடிச்சாங்க."

"எங்கம்மாவேதான். ஒண்ணோட நிறுத்தவே மாட்டாங்க." சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

ஆகஸ்ட் மாதம் இக்கலுவிட் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. கூனூ என்று பெயர் வைத்தார்கள். அந்த நிமிஷத்திலிருந்து அவள் மாக்பாவுக்கு அம்மா, லேவிக்கு அம்மா, ரோடாவுக்கு மாமியார். பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் வாய் வராது. உறவு சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மாக்பா தொலைபேசியை இறுகப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான்தான்" என்றான். மறுமுனையில் ஒரு ஏப்பம் கேட்டது.

"அப்போ எங்கம்மாவைப் பெத்தவ நீ. எனக்கு நீ பாட்டி" என்றான் டபிதாவிடம்.

"என் பேரனுக்குத் தலை நரைச்சுப்போச்சே!" என்று அவள் சிரித்தாள்.

ரோடாவின் குதூகலம் தனி ரகம். "அத்தை இந்தத் தடவை பல்லில்லாம வந்திருக்காங்க. என் சமையலைக் குறை சொல்ல இன்னும் ரெண்டு வருஷமாவது ஆகும்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். ஆனால் சீல் தோலில் குட்டிக் காலணி தைக்கும்போது, மாமியாருக்குப் பிடித்த கரை வைக்க வேண்டுமென்று பிரித்துப் பிரித்துத் தைத்தாள். உயிரோடு இருந்த காலத்தில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்.

"போய்ப் பாத்துட்டு வாங்களேன்" என்றாள் ஒரு நாள். "அவங்க இன்னும் இக்கலுவிட்லதானே இருக்காங்க."

"எதுக்கு? கடல் உறையட்டும். இக்பியார்ஜுக்குக்குப் பனிவண்டியில போறேன். மேற்கே இருக்கிற ஊருக்குத் தெற்கே போறவன் பைத்தியக்காரன்."

ரோடா அவனைப் பார்த்தாள். தெற்கே போக மறுப்பது தூரத்துக்காக அல்ல என்று அவளுக்குத் தெரியும். அந்த ஊர் விமான நிலையத்தில், அந்த ஆஸ்பத்திரி வாசலில் கால் வைக்க அவனுக்குத் தைரியமில்லை. பெற்ற பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் அம்மா செத்த ஊர் அது. ரோடா அப்போதைக்குக் காலணி தைக்கப் போய்விட்டாள்.

டபிதா குழந்தையோடு வீடு திரும்பும் நாள் வந்தது. அவள் ஏறிய விமானம் இக்கலுவிட்டிலிருந்து நேராக இக்பியார்ஜுக்குக்குப் போகிறது, மித்திமாத்தலிக்கில் நிற்காது. மாக்பா அன்று வேலையில் இருந்தான். வெயில் பளீரென்று அடித்தது. எதிர்க்கரைத் தீவின் பனிமலையில் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. கடற்கரையில் லேவி, ஊரே விரும்பித் தின்கிற திமிங்கிலத் தோலை அறுத்துக்கொண்டிருந்தான். எங்கேயோ மேற்கே அம்மா பறந்துகொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது மாக்பாவுக்கு என்னவோபோல் இருந்தது.

அப்போது ரேடியோ கரகரத்தது. விமானி மார்செல், பல வருஷமாகக் குரலில் மட்டும் பழக்கம்.

"மாக்பா, இக்பியார்ஜுக்ல மூடுபனி. இறங்க வழியில்ல. உங்க ஊர் எப்படி இருக்கு? அங்க வரலாமா?"

மாக்பாவுக்கு நெஞ்சு குதித்தது. கையெட்டும் தூரத்துக்கு வருகிறாள்! அடுத்த ஊரின் மூடுபனிக்கு நன்றி சொல்லத் தோன்றியது. அங்கே வாசலில் நின்று காத்துக்கொண்டிருக்கும் டபிதாவின் புருஷனை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது. எழுந்து போய் ஜன்னலில் நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"தெளிவா இருக்கு. காத்து லேசு. தீவு வரைக்கும் தெரியுது. வாங்க."

"சரி, திரும்பறேன். அரை மணி நேரத்துல இறங்கிடுவேன்."

ரோடாவைக் கூப்பிட்டான். "உங்க மாமியார் வர்றாங்க" என்று அவள் லேவியிடம் கத்தியது கடற்கரை முழுக்கக் கேட்டிருக்கும். லேவிக்கு மாமியார் இல்லை, அம்மா. அவசரத்தில் உறவு குழம்பிவிட்டது. கால் மணி நேரத்தில் ரோடா காலணிப் பொட்டலத்தோடும், லேவி எண்ணெய் வடியும் கையோடும் அந்தச் சின்ன அறைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

மாக்பா அவர்களைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீவின் அடிவாரத்தைக் காணோம். கடல்மேல் ஒரு வெள்ளைக் கோடு கிடந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அது இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு தடித்தது. தீவு போனது. மூடுபனி தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு கரையை நோக்கி வந்தது. ஊர்மேல் இன்னும் வெயில் அடித்தது. ஓடுபாதை முழுக்கத் தெரிந்தது.

"மாக்பா, இப்ப எப்படி இருக்கு?" மார்செலின் குரல்.

மாக்பா ரேடியோப் பொத்தானில் விரலை வைத்தான். லேவி அருகில் வந்து குனிந்தான்.

"அண்ணே, ஓடுபாதை தெரியுதில்ல? தெரியுதுன்னு சொல்லு. அது பொய்யில்லையே. இருக்கிறதைத்தானே கேக்கறாரு, வரப்போறதையா கேட்டாரு?"

"லேவி, சும்மா இரு" என்றாள் ரோடா.

"அது அம்மா, அண்ணி! போன தடவையும் இவரு வாயாலதான் போச்சு!"

சொன்ன பிறகுதான் லேவிக்குத் தான் சொன்னது உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான். மாக்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. தம்பி சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஓடுபாதை தெரிகிறது. அதைமட்டும் சொன்னால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. மூடுபனி கரையோரம் நின்றாலும் நிற்கலாம். சில நாள் அப்படி நின்றிருக்கிறது. நிற்காவிட்டால்? இங்கே வந்து வட்டமடித்துவிட்டு இக்கலுவிட்டுக்குத் திரும்ப எண்ணெய் இருக்குமா? இப்போது திரும்பினால் போதும். அரை மணி கழித்துப் போதாது. அந்த விமானத்தில் இருப்பது அவன் அம்மா.

அவன் பொத்தானை அழுத்தினான்.

"இப்போதைக்குத் தெளிவு. ஆனா கடல்லேர்ந்து மூடுபனி வேகமா ஏறுது. நீங்க வர்றதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது. வராதீங்க. இப்பவே தெற்கே திரும்புங்க."

"உறுதியா?"

"உறுதி." கொஞ்சம் நிறுத்தி, வேலை நேரத்தில் எப்போதும் பேசாத பேச்சைப் பேசினான். "மார்செல், எங்கம்மா உங்க விமானத்துல இருக்காங்க. பத்திரமாக் கொண்டுபோய் இறக்குங்க."

"அடடா, எனக்குத் தெரியாதே! கவலைப்படாதீங்க மாக்பா. நான் பாத்துக்கறேன்."

விமானத்தின் சத்தம்கூட அவர்களுக்குக் கேட்கவில்லை. அவ்வளவு தொலைவிலேயே திரும்பிவிட்டது. படகுத்துறை மறைந்தது. தேவாலயத்துச் சிலுவை மறைந்தது. கடைசியில் ஓடுபாதை விளக்குகளையும் காணோம். லேவி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான். மாக்பா முறைப்படி அடுத்த வானிலையைப் பதிவுசெய்தான். பிறகு மேஜைமேல் நெற்றியை வைத்துக்கொண்டு குழந்தைபோல அழுதான். ரோடா அவன் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் டபிதா கூப்பிட்டாள். சிரிப்பில் அவளால் பேசவே முடியவில்லை.

"மாமா, இங்க நடந்த கூத்தைக் கேளுங்க. விமானம் நின்னதும் கீழ ஒருத்தர் சக்கர நாற்காலியோட நிக்கிறாரு. கேப்டன் சொல்லி அனுப்பிச்சாராம். மித்திமாத்தலிக் வானிலைக்காரரோட வயசான அம்மா வர்றாங்க, மெதுவா இறக்குங்கன்னு. உள்ள ஏறி ஒவ்வொரு சீட்டாத் தேடறாங்க. கிழவியைக் காணோம். கேப்டனே பதறிப்போய் எழுந்து வந்துட்டாரு."

"ஐயையோ. அப்புறம்?"

"நான் இவளைத் தூக்கிக் காட்டி, 'இவங்கதான்'னேன். மனுஷன் என் முகத்தைப் பாக்கறாரு, பிள்ளை முகத்தைப் பாக்கறாரு. அப்புறம் தொப்பியைக் கழட்டி, 'வணக்கம்மா'ங்கறாரு!"

மாக்பாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "நாற்காலி?"

"வந்த நாற்காலியை ஏன் சும்மா அனுப்பணும்? ரெண்டு பேரும் ராணி மாதிரி உக்காந்து வந்தோம்." பிறகு அவள் குரல் தணிந்தது. "மாமா, எங்க ஊர்ல மூடுபனி விட நாலஞ்சு நாள் ஆகுமாம். அதே விடுதியிலதான் இருக்கோம். வாங்களேன்."

"கடல் உறையட்டும்மா. பனிவண்டியில..."

"அதுக்குள்ள இவங்க வளர்ந்துடுவாங்க மாமா."

அவன் ஏதோ மழுப்பிவிட்டுத் தொலைபேசியை வைத்தான். ரோடா எதிரே வந்து நின்றாள். அன்றைக்கு அவள் கையில் கரண்டி இல்லை. அதுவே அவனுக்குக் கலக்கமாக இருந்தது.

"அத்தை அன்னைக்குக் கூப்பிட்டாங்க. வானம் தடுத்துச்சு. ஒருத்தரும் உங்களைக் குத்தம் சொல்லல. இன்னைக்கும் கூப்பிடறாங்க. இந்த மூடுபனி நாளைக்கு விலகிடும், வானம் தடுக்கல. நீங்கதான் தடுக்கிறீங்க."

மாக்பா போய்ப் பையை எடுத்தான்.

மறுநாள் மத்தியானம் மித்திமாத்தலிக்கின் மூடுபனி விலகியது. தெற்கே போகிற விமானம் வந்தது. வானிலை சொல்ல அன்று வேறு ஆள். வரிசையில் நின்ற மாக்பாவைப் பார்த்து ஊரே வேடிக்கை பேசியது. "மாக்பாவே கிளம்பிட்டானா! இனிமே நமக்குத் தினமும் விமானம்தான்!" லேவி ஓடி வந்து, திமிங்கிலத் தோலை அடைத்து ஒட்டிய அட்டைப்பெட்டியை அண்ணன் கையில் திணித்தான். "விடுதியில எல்லாருக்கும் குடு. நேத்து நான் பேசினதை..." என்று இழுத்தான். "என்ன பேசினே? எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்றான் மாக்பா.

ஜன்னலோர இருக்கை. கீழே எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மேற்கே மலைகளுக்கு அப்பால் இக்பியார்ஜுக் இருக்கும் திசையில் ஒரு வெள்ளைப் படலம் கிடந்தது. விமானம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெற்கே போயிற்று. பைத்தியக்காரத்தனம்தான் என்று அவனுக்குப் பட்டது. ஆனாலும் இறங்கிவிட வேண்டும் என்று தோன்றவில்லை.

இக்கலுவிட் விமான நிலையத்தில் கால்கள் கொஞ்சம் தயங்கின. டாக்ஸிக்காரன் கேட்டதற்கு விடுதியின் பெயரைச் சொன்னான். ஆஸ்பத்திரியைத் தாண்டும்போது அவன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. இரண்டாவது மாடியா, மூன்றாவதா என்று ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே போனான். எது என்று யாரிடமும் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விடுதிச் சமையலறையில் உருண்டை முகமும் குட்டை முடியுமாக ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் முதுகில், மேலங்கியின் பெரிய தொப்பிப் பைக்குள், ஒரு கறுத்த தலை தெரிந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனாலும் யார் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

"வந்துட்டீங்களா மாமா!"

அவள் தோளைச் சாய்த்துக் குழந்தையை முன்னால் எடுத்து அவன் கையில் கொடுத்தாள். மாக்பா வழி முழுக்க என்னென்னவோ யோசித்து வைத்திருந்தான். எல்லாம் மறந்துவிட்டது. குழந்தை அவனைக் கண்கொட்டாமல் பார்த்தது.

"பேசுங்க. ரேடியோல மட்டும்தான் பேச வருமா?"

"அம்மா" என்றான். "அன்னைக்கு வர முடியலம்மா. வரணும்னுதான் இருந்தேன்."

குழந்தை வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டது. பிறகு அவன் சட்டையைக் கைக்குள் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனது. டீ ஆறியது. திமிங்கிலத் தோல் வாசனைக்கு விடுதிக்காரர்கள் ஒவ்வொருவராகக் கத்தியோடு வந்து, தின்று, பேசி, போனார்கள். மாக்பா அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"கை மரத்துப்போயிருக்கும் மாமா. குடுங்க, படுக்க வைக்கிறேன்" என்றாள் டபிதா.

"இருக்கட்டும்மா" என்றான் மாக்பா. "இப்பத்தானே வந்தேன்."